முகம் ஏற்கப்படவில்லை

“வாயை மூடுங்கம்மா” என்கிறாள் அந்தப் பெண். மூடித்தான் இருக்கிறேன். இதற்கு மேல் மூடுவதற்கு என்னிடம் உதடு இல்லை. பல்லைக் கொடுக்கும்போது தாராளமாகக் கொடுத்த கடவுள் உதட்டைக் கொடுக்கும்போது கையை இழுத்துக்கொண்டார், மேல்வரிசையில் நாலு பல் பந்திக்கு முந்துகிற ஆட்கள் மாதிரி முன்னால் வந்து நிற்கின்றன, உதட்டை இழுத்து அவற்றின்மேல் போர்த்தினால் மூக்கு விரிந்து கண் சுருங்கி யாரையோ கடிக்கப் போகிறவள் போல ஆகிவிடுகிறேன், விட்டுவிட்டால் சிரிக்கிறேன். நான் சிரிக்காதபோதும் என் வாய் சிரித்துக்கொண்டுதான் இருக்கும், இதை இவளிடம் எப்படிச் சொல்வது. கழுத்தில் தொங்குகிற அட்டையில் பெனிட்டா என்று போட்டிருக்கிறது, என் மகள் யாழினி வயதுதான் இருக்கும், பாவம், பொறுமையாகத்தான் சொல்கிறாள். எனக்குப் பின்னால் வெள்ளைத் திரை, எதிரே கம்பிமேல் கேமரா, அவள் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டரில் என் மூஞ்சியைச் சுற்றி ஒரு கட்டம், கட்டம் பச்சையானால் படம் விழும், சிவப்பாக நின்றால் விழாது, மூன்று தடவையும் சிவப்பு. அடியில் இங்கிலீஷில் ஏதோ வருகிறது. “என்ன போட்டுருக்கு பாப்பா?” என்று கேட்டேன். “மூஞ்சியை ஏத்துக்கலைன்னு வருதும்மா.” “நாப்பத்தாறு வருசமா ஊரே ஏத்துக்கிட்ட மூஞ்சிதான் இது” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள், அடக்கிக்கொள்ள முடிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பொறாமை.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து அதிகாரியே எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார், சட்டைப் பையில் இரண்டு பேனா, பாஸ்போர்ட் கொடுக்கலாம் கூடாது என்று முடிவு செய்கிறவர் இவர்தானாம், வாசலில் நிற்கிற செக்யூரிட்டி காலையிலேயே சொன்னார். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். “எனக்குச் சரியாத்தாம்மா படுது. ஆனா நான் சொன்னா அது கேக்காது. அது எடுத்துக் குடுத்தாத்தான் நான் எதுவும் செய்ய முடியும்.” கவர்மெண்டுக்கே இந்தக் கதி. பெனிட்டா சொன்னாள், “முன்னாடியெல்லாம் ஸ்டூடியோ போட்டோவை ஒட்டி அனுப்பிருவாங்கம்மா. இப்ப அட்டைக்குள்ள சிப்பு வருது, உங்க மூஞ்சி அதுக்குள்ள இருக்கும், ஏர்போர்ட்டுல மெஷின்தான் பாக்கும். அதான் இவ்வளவு கெடுபிடி.” பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாக, “கொஞ்ச நேரம் அங்க உக்காருங்கம்மா, ரெண்டு மூணு டோக்கனை முடிச்சுட்டுக் கூப்பிடறேன். ஏதாச்சும் வருத்தமான விஷயமா நெனைங்க, வாய் தானா மூடிக்கும். சாப்பாட்டு நேரத்துக்குள்ள விழுந்துட்டா நல்லது, இல்லைன்னா வேற தேதிதான் வாங்கணும், இப்ப கெடைக்கிறது எல்லாம் அடுத்த மாசக் கடைசிதான்” என்றாள். சரி என்று எழுந்து வந்து இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாசக் கடைசி என்றால் ஒன்றும் நடக்காது. படம் விழுந்து, அதிகாரி சரி சொல்லி, போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, பாஸ்போர்ட் தபாலில் வந்து, அதற்குப் பிறகு விசா. மஸ்கட்டில் என் வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிற கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், ஆகஸ்ட் கடைசியோடு இவர்களுக்குக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள், அவர் இருக்கிற ரூமில் நாலு ஆம்பளைகள், ஆனால் மேல்மாடியில் ஒரு மலையாளிக் குடும்பம், பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சாவியைத் தருகிறோம், உங்கள் வீட்டம்மாவைக் கூட்டிவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள், இவருக்குக் கணக்கு முடிவதற்குள், நான் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரவேண்டும். இன்று விட்டால் விட்டதுதான். எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருக்கிறது. நானே ரெண்டு மாசத்தில் நிரந்தரமாக வரப்போகிறேன், இப்போது எதற்கு நீ அங்கே போய் வெயிலில் காய வேண்டும் என்று அவரே போனில் கேட்டார், “இங்க மட்டும் என்ன பனியா பெய்யுது” என்றேன். என் கொழுந்தன் மதியழகன் காலையில் வண்டியில் கூட்டிவரும்போதும் கேட்டார். ஆம்பளைத் துணை இல்லாமல் இங்கெல்லாம் எப்படி என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தவரை, டோக்கன் இல்லாதவர்களுக்கு உள்ளே வேலை இல்லை என்று செக்யூரிட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார். “அவங்க ஊருக்குப் புதுசு, ஒண்ணும் தெரியாது” என்றார் கொழுந்தன். “அவங்க பாஸ்போர்ட்டுக்கு அவங்கதானே சார் வரணும்” என்றார் செக்யூரிட்டி. என் ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, தன் ஹெல்மெட்டைத் தானே வைத்துக்கொண்டு, எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், மூணாவது டீ ஆகியிருக்கும். வீட்டில் உளுந்து ஊறுகிறது. சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்து ஊறப்போட்டு வந்தது என் தப்பு.

வருத்தமான விஷயம். வருத்தத்துக்கு என்ன பஞ்சம், இந்தா அத்தை செத்தது இருக்கிறது. அத்தை என்றால் என் மாமியார், ஐப்பசி மழையில் செத்தார்கள், இவருக்கு லீவு கிடைக்கவில்லை, கடைசி மகன் மதியழகன்தான் கொள்ளி வைத்தார், பந்தலில் தண்ணீர் சொட்டியது, நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன், பொய்யில்லை, பெற்ற தாய்க்குக்கூட அப்படி அழவில்லை. ஆனால் அழுதாலும் பல் பல்தானே. இவருடைய மன்னார்குடிப் பெரியம்மா என் விலாவில் இடித்து, “சாவு வீட்டுல என்னடி இளிப்பு” என்றாள். அதற்கு அத்தை எழுந்து பதில் சொல்லியிருப்பார்கள், உயிர் இருந்திருந்தால். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இதே பெரியம்மா, பொண்ணுக்குப் பல்லு கொஞ்சம், என்று இழுத்தபோது, “பல்லு என்னத்துக்கு, சோறு திங்க. அது தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. சிரிச்ச முகமா ஒரு ஆளு வீட்டுல இருந்துட்டுப் போகட்டுமே” என்று வெற்றிலையைக் கையில் எடுத்துவிட்டார்கள். எழவு முழுக்கக் கொழுந்தன் போனைத் தூக்கிப் பிடித்து மஸ்கட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தார், இவர் ரூமில் உட்கார்ந்து அதில்தான் அம்மாவைப் பார்த்தார். முப்பது நாள் கழித்துச் சொன்னார், “எல்லாரும் அழுவுறாங்க இந்திரா, நீ மட்டும் அம்மாவைப் பஸ் ஏத்தி விடுற மாதிரி சிரிச்ச முகமா நின்ன. அதைப் பாத்துத்தான் எனக்கு அழுவை நின்னுச்சு.” நான் அழுதேங்க என்றேன். “தெரியும்” என்றார். பார், இப்போதும் வாய் விரிகிறது. இந்தச் சாவு உதவாது.

புயல். கஜா புயல் வந்தபோது எங்கள் பேராவூரணிப் பக்கமே படுத்துவிட்டது, தோப்பில் இருந்த தென்னை அத்தனையும் ஒரே ராத்திரியில் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன, காலையில் போய் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தேன். இதைப் பிடித்துக்கொள். விடாதே. தென்னை. பிள்ளை மாதிரி வளர்த்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தேங்காத்துருவி என்று பேர், இந்தப் பல்லுக்காகத்தான், விழுந்த மரங்களுக்கு நடுவில் நிற்கும்போது எனக்கு அந்தப் பேர் ஏன் ஞாபகம் வர வேண்டும், இனிமே துருவறதுக்குத் தேங்காய் எங்கே என்று யாரோ உள்ளே கேட்டார்கள், அந்த இடத்திலேயே சிரித்தேன், கொழுந்தன் பயந்து தண்ணீர் தெளிக்க வந்தார். அப்புறம் கரண்டு இல்லாத அந்த நாட்களில் தெருவே பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டது, பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று எங்கள் பரணில் ஏறிக்கொண்டு எல்லாம் சரியான பிறகும் இறங்க மாட்டேன் என்றது, அது இன்றைக்கும் தன் வீட்டுக்குப் போவதில்லை, எங்கள் வீட்டிலேயே தின்று எங்கள் வீட்டிலேயே கூவுகிறது. உளுந்தை அது கிளறியிருக்குமோ. மூடி போட்டேனா. தட்டைக் கவிழ்த்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது நேற்றுக் கவிழ்த்ததாகவும் இருக்கலாம்.

“அம்மா, வாங்க” என்று பெனிட்டா கூப்பிடுகிறாள். போய் உட்கார்ந்தேன். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், பூவை எடுத்துவிடச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். மூச்சைப் பிடித்தால் வாய் மூடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. கன்னம்தான் உப்பியது. சிவப்பு. “வருத்தமா நெனைச்சீங்களா?” என்று கேட்டாள். “நெனைச்சேன் பாப்பா. நெனைச்சா எல்லாம் வேற எங்கயோ போயிடுது.” “கடன், சண்டை, அந்த மாதிரி?” “அதெல்லாம் இருந்துச்சு. முடிஞ்சு போச்சே.” அவள் பேனாவால் மேசையைத் தட்டினாள். என் மேல் கோபமில்லை, அந்தக் கேமரா மேல்தான். பக்கத்துச் சன்னலில் கைரேகை வைத்துக்கொண்டிருந்த ஒரு பையன், “சாவு வீட்டைக் கற்பனை பண்ணிக்குங்க ஆன்ட்டி” என்று யோசனை சொன்னான். சாவு வீட்டுக் கதை இவனுக்குத் தெரியாது. மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டேன், சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரம் நன்றாகவே ஓடுகிறது.

அப்படி ஒன்றுமே இல்லையா என்னிடம், வாயை மூடுகிற அளவுக்கு. இது பெருமையா வெட்கமா தெரியவில்லை. இப்படி ஒரு இடத்தில் காற்றாடிக்குக் கீழே யாரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பதே எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டுக்குப் போக அத்தையைக் கேட்க வேண்டும், அத்தை மாமாவைக் கேட்பார்கள், மாமா பஞ்சாங்கத்தைக் கேட்பார். இப்போது என்னைப் போகவிடச் சொல்லிக் குடியரசுத் தலைவர் பேரில் எழுதித் தருகிறார்களாம், யாழினி இவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படித்து அர்த்தம் சொன்னாள், இதை வைத்திருப்பவரைத் தடை இடைஞ்சல் இல்லாமல் போகவிட்டு வேண்டிய உதவியும் பாதுகாப்பும் தரும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. இப்படி ஒரு தாள் அந்தக் காலத்தில் என்னிடம் இருந்திருந்தால் மாதம் ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். கடைசியில், இது இந்திய அரசாங்கத்தின் சொத்து என்றும் அதில் போட்டிருக்கிறதாம். லீவில் வந்தால் அவர் முதலில் செய்கிற காரியம் அதை பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் வைப்பது, அங்கே போனால் கம்பெனிக்காரன் வாங்கிப் பூட்டிக்கொள்வான். சொத்து கவர்மெண்டுடையது, சாவி கம்பெனியுடையது, நாற்பது நாள் மட்டும் என் புடவைக்கு அடியில். அவர் கதையும் அதேதான் என்று அவரிடமே சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தப் பாஸ்போர்ட்டில் அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும், கோழி திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி, வாய் இறுகி, கண் எங்கேயோ. எதையோ பார்த்துப் பயந்த மாதிரி இருக்கிறீங்களே என்பேன். பாஸ்போர்ட் போட்டோ எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பார். தனக்கோடி என்று பேர் வைத்துக்கொண்டு தண்ணி லாரி ஓட்டுகிறவருக்கு வேறு எப்படி இருக்கும் என்பேன். அதற்கு மட்டும் சிரிப்பார்.

அங்கே அவர் எப்படிச் சிரிப்பார். எதற்குச் சிரிப்பார். இதற்குத்தான் நான் போக வேண்டும் என்கிறேன், யாரிடமும் இதைச் சொல்லவில்லை, சொன்னால் இருபத்திமூணு வருசம் குடும்பம் நடத்தியவள் பேசுகிற பேச்சா என்பார்கள். கல்யாணம் ஆன மூணாம் மாசம் போனவர். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள். வந்தால் விருந்தாளி. தினம் கோழி, தினம் யாராவது வருவார்கள், தினம் எங்காவது போவோம், நான் நல்ல புடவையாகக் கட்டுவேன், அவர் சென்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் ஒரு தடவைகூட அவர்மேல் எரிந்து விழுந்ததில்லை, அவரும் விழுந்ததில்லை, நாற்பது நாளில் எதற்குச் சண்டை என்று. சாம்பாரில் உப்புக் கூடினால் நன்றாக இருக்கிறது என்பார். ஃபேனை அஞ்சில் வைப்பார். எனக்கு ரெண்டுதான் பழக்கம், அஞ்சில் சுற்றினால் விடியற்காலையில் மூட்டு குடையும், ஆனால் வெயில் தேசத்திலிருந்து வந்த மனுசன், நாலு நாளைக்குக் காற்றாவது கிடைக்கட்டும் என்று மூக்கு வரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பேன். அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்குவார், அரபி தேசத்துப் பழக்கம். அவர் போன அன்று ராத்திரி எனக்கு அழுகையும் வரும், ஃபேனை ரெண்டில் வைத்து நன்றாகத் தூங்கவும் செய்வேன், ரெண்டும் நிஜம்தான். கட்டிலில் நடுவில் படுப்பேன். டீவியை எனக்கு வேண்டியதில் வைப்பேன். ராத்திரிக்குச் சமைக்கப் பிடிக்காவிட்டால் பழையதைப் பிழிந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன், யாழினி ஹாஸ்டலுக்குப் போன பிறகு அந்த வீட்டில் நானும் சேவலும்தான், இரண்டு பேருமே சந்தோசமாக இருக்கிறோம். இது தப்பா. செப்டம்பரில் அவர் வருவார், நாற்பத்தோராம் நாளும் இருப்பார். அதற்கு அடுத்த நாளும். கோழி நின்றுவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஒன்றும் இல்லாமல் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார், நானும் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசுவோம். அப்படி ஒரு மத்தியானத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. சாதாரண நாளில் அவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததில்லை, அங்கே மூணு ஆம்பளைகளுக்கு அது தெரியும், மேல்மாடி மலையாளிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கோபம் வந்தால் தட்டை எறிவாரா. பேசாமல் இருப்பாரா. என்னைப் பிடிக்குமா அவருக்கு, இந்த நல்ல புடவை இல்லாமல், இந்த விருந்து இல்லாமல், ஃபேனை ரெண்டில் வைக்கச் சொல்கிற பொம்பளையை.

யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன், முக்காலியில் உட்கார்ந்தேன், பெனிட்டா ஏதோ சொன்னாள், தலையை நேராக்கினாள், நான் அந்தக் கறுப்புக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே உட்கார்ந்திருக்கிறேன், கூடத்தில் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் மேலே ஃபேன், யாரும் எழுந்து போகவில்லை, போவதற்கு விமானமும் இல்லை. “அப்படியே இருங்கம்மா. அப்படியே” என்று யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார்கள். ஒரு சத்தம். “விழுந்துருச்சு” என்று பெனிட்டா கையைத் தட்டினாள். “பச்சைம்மா. என்னத்த நெனைச்சீங்க?” “ஒண்ணுமில்ல பாப்பா, வீட்டை நெனைச்சேன்.” அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒருத்தி. வாய் மூடியிருக்கிறது. பல் இருக்கிற அடையாளமே இல்லை. என் அம்மாவோ அத்தையோ யாழினியோ பார்க்காத ஒரு மூஞ்சி, இனி பத்து வருசத்துக்கு இதுதான் நான் என்று கவர்மெண்டு சொல்லப்போகிற மூஞ்சி. ஆனால் எங்கேயோ பார்த்திருக்கிறேன். வாய் இறுகி, கண் எங்கேயோ. பட்டுப்புடவைக்கு அடியில் பார்த்திருக்கிறேன். அட, அவர் கோழி திருடவில்லை.

கைரேகை வாங்கினார்கள், பேப்பர் பார்த்தார்கள், கடைசியில் கண்ணாடி அறை. அதிகாரி என் படத்தைப் பார்த்துவிட்டு, “எப்படியோ வாங்கிட்டாங்க” என்று சிரித்தார், அந்தக் கேமரா அவருக்கும் மேலதிகாரிதான் போலிருக்கிறது. ஃபைலைத் திருப்பினார். வீட்டுக்காரருடைய பாஸ்போர்ட் நகல், கல்யாணப் பத்திரிகை, அவருக்குச் சம்மதம் என்று அவர் எழுதி அனுப்பிய தாள் எல்லாவற்றையும் நான் எடுத்து நீட்டினேன், “இதெல்லாம் வேணாம்மா, உங்க பேப்பர் போதும்” என்று அப்படியே திருப்பித் தள்ளினார். எங்கே போகிறீர்கள் என்றார், மஸ்கட் என்றேன். எதற்கு என்றார், வீட்டுக்காரரைப் பார்க்க என்றேன். ஏற்கனவே பெனிட்டாவிடம் எல்லாக் கதையும் கேட்டிருப்பார், “அவரே ஆகஸ்ட் கடைசில வந்துடறாராமே, அப்புறம் எதுக்கும்மா நீங்க?” என்றார். சட்டத்துக்காகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார், அவர் கண்ணில் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். “அவரு வந்துட்டாருன்னா அப்புறம் அவரைப் பாக்க முடியாதுங்க சார். வந்தா விருந்தாளியாயிடுவாரு. அங்க எப்படி இருக்காருன்னு ஒரு தடவை பாத்துக்கணும்.” அவர் ஃபைலை மூடினார். கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினார், இந்தத் தடவை அது அவர் சொன்னதைக் கேட்டது. “போலீஸ் விசாரணை வரும், அவங்ககிட்ட இவ்வளவு நீளமாச் சொல்ல வேணாம். பாத்துட்டு வாங்க” என்றார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எதிர்த்த கடையில் கொழுந்தன் எழுந்து நிற்கிறார், கையால் என்ன ஆச்சு என்று கேட்கிறார், இருங்க என்று கையைக் காட்டிவிட்டுப் புங்கமர நிழலில் நின்று போனைப் போட்டேன். அவர் எடுத்தார், பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம், லாரியில் பிடித்துக்கொண்டிருக்கிறார். “கெடைச்சிருச்சுங்க” என்றேன். “கெடைச்சிருச்சா” என்றார், சந்தோசம்தான், எனக்குக் கேட்டது. “உங்க பாஸ்போர்ட் மூஞ்சி எனக்கும் வந்துருச்சு.” “எந்த மூஞ்சி?” “கோழித் திருடன் மூஞ்சி.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இப்போது கேட்காவிட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது. “ஏங்க, அங்க ரூமுல ஃபேனை எத்தனைல வச்சுத் தூங்குவீங்க?” என்றேன். “இதுக்கா போன் பண்ணின?” “சொல்லுங்க.” “இங்க ஏசிதான். அதையும் நான் கொறைச்சுத்தான் வைக்கச் சொல்வேன், ஒத்துக்காது. ஏன்?” “அப்புறம் நம்ம வீட்டுல ஏன் அஞ்சுல வைக்கிறீங்க?” தண்ணீர் கொட்டுகிறது. கொட்டிக்கொண்டே இருக்கிறது, லாரி நிரம்பிவிட்டது போல. “ஒனக்குப் புழுங்குமேன்னுதான்” என்றார். “மொத லீவுல வந்தப்ப முந்தானையால விசிறிக்கிட்டே இருந்த. அதுலேருந்து அஞ்சுலதான் வைக்கிறேன். எனக்குக் காது அடைச்சுக்கும், துண்டைக் கட்டிக்கிட்டுப் படுத்துக்குவேன்.” முதல் லீவு என்றால் யாழினி வயிற்றில் இருந்தாள், அது புழுக்கமில்லை, மசக்கை. அப்போதிருந்து நான் போர்வைக்குள்ளும் இவர் துண்டுக்குள்ளும். வாய் தானாகத் திறந்துகொண்டது, நாலு பல்லும் வெயிலில் வந்து நின்றன, டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கிறார், கொழுந்தன் ஹெல்மெட்டோடு ரோட்டைக் கடந்து வருகிறார், கண்ணில் வழிகிற தண்ணீரைத் துடைக்காமல் நின்றேன். “என்ன இந்திரா, அழுவுறியா சிரிக்கிறியா, சத்தத்துல ஒண்ணும் தெரியல” என்றார். “ரெண்டுல வைக்கலாமாங்க?” என்றேன். அங்கே யாரோ குழாயை மூடினார்கள், தண்ணீர்ச் சத்தம் நின்றது. “ரெண்டு போதும்” என்றார்.